அக்கா பேப்பர்

எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் பெரியப்பா ஒரு தடவைதான் சாக முடியும். இரண்டாவது தடவை செத்தால் ஞானபூரணி பிடித்துவிடுவாள். “ஒங்க பெரியப்பாவை ஆவணியிலயே அடக்கம் பண்ணிட்டோமேய்யா, மேஸ்திரிகூட மாலை வாங்கிட்டு வந்தாரே” என்று நோட்டை விரித்துத் தேதியைக் காட்டுவாள். லீவு கேட்டு வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அவள் கோபப்பட மாட்டாள். “உள்ளதைச் சொல்லுங்க, நாள் ஒதுக்கித் தாரேன்” என்பாள். உள்ளதைச் சொன்னவனுக்கு அவள் நாள் ஒதுக்காமல் விட்டதில்லை.

என் பெயர் தண்டாயுதபாணி. அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆணி, கம்பி, சுத்தியல், பலகை எல்லாவற்றுக்கும் நான் காவல். காரைக்குடியில் கட்டடம் கட்டிக்கொடுக்கிற கம்பெனி அது. பெயர் வேண்டாம், இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது, நானும் இப்போதும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். நானும் ஞானபூரணியும் ஒரே தகரக் கொட்டகையில் எதிரெதிர் மேஜையில் பதின்மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தோம். அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. எழுதத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அவளுடைய அப்பா கிராமத்து மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தவர். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் சொல்லிக் கொடுப்பார், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பார். அவர் காலமான பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரைக்குடி செக்காலையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தாள். எண்பத்து நாலாம் வருஷம் டைப்பிஸ்ட் வேலைக்கு எங்களிடம் சேர்ந்தாள். அப்போது வயது இருபத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை. ஒன்றிரண்டு இடம் வந்தது, அம்மாவையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றதும் வந்த வழியே போய்விட்டார்கள். அவள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நானாக விசாரித்ததும் இல்லை. பதின்மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தும் கேட்காதவன் எப்படிப்பட்ட மனுஷன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

டைப்பிஸ்ட்டாக வந்தவள் கொஞ்ச நாளிலேயே வேறொரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள். எந்த வாரத்தில் எந்த வேலை என்று இன்ஜினியர்கள் சுலபமாக எழுதிவிடுவார்கள். இந்த வாரம் அஸ்திவாரம், அடுத்த வாரம் தூண், அதற்கடுத்து மேல்தளம். ஆனால் அந்த வாரத்தில் ஆள் இருக்க வேண்டுமே! எங்கள் ஆட்கள் சுற்றுவட்டாரத்தில் முப்பது நாற்பது கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ஒருவனுக்குக் கதிர் அறுப்பு, ஒருவனுக்குக் கொழுந்தியா சடங்கு, ஒருவனுக்கு ஊர்த் திருவிழா. தளம் போடுகிற அன்றைக்கு முப்பது பேரை எதிர்பார்த்து ஒன்பது பேரை வைத்துக்கொண்டு விழித்த நாட்கள் எத்தனையோ உண்டு. ஞானபூரணி ஒரு நீள நோட்டை வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள். புதிதாக யார் சேர்ந்தாலும் நாலு கேள்வி கேட்பாள். எந்த ஊரு, குலசாமி எங்க, வயக்காடு இருக்கா, வீட்ல ஒடம்புக்கு முடியாதவுக யாரும் இருக்காகளா. இந்த நாலும் தெரிந்தால் ஒரு மனுஷன் வருஷத்தில் என்றைக்கு வருவான், என்றைக்கு வரமாட்டான் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம் என்பாள். சொல்லவும் செய்தாள். கம்பி கட்டுகிற ஒருவனுடைய பெண்சாதிக்குத் திருக்கோஷ்டியூர் தெப்பக்குளத்தில் விளக்கு வைக்கிற நேர்த்தி. மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே அவன் பக்கத்தில் பெருக்கல் குறி விழுந்திருக்கும். அவனே மறந்திருப்பான்.

நோட்டில் அவள் போட்ட குறிகள் நாலுதான். முழு வட்டம் என்றால் முழு நாள். அரை வட்டம் என்றால் அரை நாள். பெருக்கல் என்றால் வரமாட்டான். நாலாவது, வட்டத்துக்கு அடியில் ஒரு கோடு. வருவான், ஆனால் கீழ் வேலை மட்டும்தான் என்று அதற்கு அர்த்தம். அம்மனுக்குக் காப்புக் கட்டினவர்களுக்கு அந்தக் குறி. கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் ஒரு வேளைதான் சாப்பாடு, காலில் செருப்பு கிடையாது, பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அப்படிப்பட்டவனை வெயிலில் சாரத்தின் மேல் ஏற்றக்கூடாது. கீழே ஆணி பிடுங்கலாம், கம்பி நிமிர்த்தலாம், பலகை அடுக்கலாம். இது எந்தச் சட்டத்திலும் எழுதின விதி இல்லை. அவள் கோடு போடுவாள், மேஸ்திரி பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். மாதாவைக் கும்பிடுகிற பெண்ணுக்கு முப்பது ஊர் மாரியம்மன் திருவிழாவும் மனப்பாடம் என்று நான் கேலி செய்வேன். “எங்களுக்குந்தான் தவசுகாலம் இருக்கு. வெறும் வயித்தோட நின்னா எப்பிடித் தலை சுத்தும்னு எனக்குத் தெரியும் அண்ணே” என்பாள்.

தினமும் சாயங்காலம் மறுநாளுக்கான பட்டியலை ஒரு பெரிய தாளில் எழுதிக் கொட்டகை வாசலில் ஒட்டுவாள். இன்னார், இன்ன இடம், இன்ன வேலை. ஆட்களில் பாதிப் பேருக்குத் தன் பெயரைத் தவிர வேறு படிக்கத் தெரியாது. காலையில் வந்ததும் அவரவர் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அந்தத் தாளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அக்கா பேப்பர்’. அதில் பெயர் எங்கே இருந்தாலும் யாரும் முறுமுறுத்து நான் பார்த்ததில்லை. அக்கா விசாரிக்காமல் போடமாட்டாள் என்பது அவர்களுக்கு வேத வாக்கு.

தொண்ணூற்றேழாம் வருஷம் எங்களுக்கு ஒரு தனியார் கல்லூரியின் விடுதி கட்டுகிற வேலை கிடைத்தது. மூன்று மாடி. ஜூன் ஒன்றாம் தேதி பிள்ளைகள் வந்து தங்க வேண்டும். முதலாளி சென்னையில் படித்த சத்தியமூர்த்தி என்ற இன்ஜினியரைப் பொறுப்பில் போட்டார். அவரோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. பதின்மூன்று வருஷமாகத் தகரத்துக்கு அடியில் வெந்துகொண்டிருந்த எங்களுக்குக் கிடைக்காத ஃபேன் அதற்கு வந்த முதல் நாளே கிடைத்தது.

சத்தியமூர்த்தி கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையில் ஒரு கெட்டவன் இருந்தால் நமக்கெல்லாம் சௌகரியமாகப் போய்விடும். அவர் ஞானபூரணியை உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் கற்றுக்கொடுத்தார். “ஒவ்வொருத்தரும் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் அவைலபிள்னு மட்டும் நீங்க கொடுங்க. யாரை எங்க போடணும், வேலை என்னைக்கு முடியும்னு அதுவே சொல்லிடும்.”

அவள் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஏற்றினாள். முழு வட்டத்துக்கு எட்டு. அரை வட்டத்துக்கு நாலு. பெருக்கலுக்கு சைபர். கோடு போட்ட வட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

“சார், ஆளு வருவாரு. ஆனா மேல ஏற மாட்டாரு. அதுக்கு எதைப் போடணும்?”

“வந்தா எட்டு, வரலேன்னா சைபர். ஏன் ஏற மாட்டாரு?”

“காப்புக் கட்டியிருப்பாக சார். ஒரு வேளைச் சாப்பாடுதான். கீழ் வேலைதான் குடுப்போம்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அதுக்கு இதுல இடமில்லம்மா. பட்டினி கிடக்கிற ஆளை எட்டு மணி நேர ஆள்னு நான் எடுத்துக்க முடியாது. சைபர் போட்டுருங்க. தொடர்ந்து பத்து நாளைக்கு மேல சைபர் இருக்கிற ஆளுக்குப் பதிலா வெளியூர் ஆளைக் கூப்பிட்டுக்கலாம். ஜூன் ஒண்ணாந்தேதி பிள்ளைங்க பெட்டியோட வந்து நிப்பாங்களே, அவங்ககிட்ட திருவிழான்னு சொல்ல முடியுமா?”

சொல்ல முடியாதுதான். அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இதெல்லாம் பிப்ரவரிக் கடைசியில்.

வெளியூர் ஆள் வரப்போகிற சேதி சைட் முழுக்கப் பரவியது. இரண்டாம் நாளே பொன்னழகு கொட்டகை வாசலில் வந்து நின்றான். அமராவதிபுதூரைத் தாண்டி உள்ளே போகிற கிராமத்துக்காரன், முப்பத்திரண்டு வயது, தளத்துக்குப் பலகை அடைக்கிற சென்ட்ரிங் வேலையில் கெட்டிக்காரன். அவனுடைய மகள் மஹாலட்சுமிக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. பிள்ளை வாய் திறந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அவன் ஊர் அம்மனுக்கு நேர்ந்திருந்தான். அந்தத் தை மாதம் பிள்ளை “தண்ணி” என்று கேட்டுவிட்டது. சைட்டில் எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தான். பங்குனியில் காப்புக் கட்டு, பதினைந்து நாள் விரதம். ஞானபூரணி அவன் பக்கத்தில் மார்ச் பத்தொன்பதிலிருந்து ஏப்ரல் ஒன்று வரைக்கும் கோடு போட்ட வட்டங்களை முன்னாலேயே எழுதி வைத்திருந்தாள்.

“அக்கா, எனக்கு சைபர் போட்டுராதீக” என்றான். “ஒரு தடவ வெளியூர் ஆளு உள்ள வந்துட்டா அப்பறம் எனக்கு ஏதுக்கா எடம்? எட்டுன்னு போட்டுருங்க. நான் ஒரு நா தவறாம வந்துருவேன். கீழ எந்த வேலையக் குடுத்தாலும் செய்யிறேன்.”

“அது பொய்யாகாதா, பொன்னழகு?”

“வாரவன வாரான்னு போடுறதுல என்னக்கா பொய்யி?”

அவன் போன பிறகு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், “என்ன அண்ணே செய்யட்டும்?”

நான்தான் சொன்னேன். “எட்டுன்னு போட்டுட்டு மேஸ்திரி காதுல ஒரு வார்த்தை சொல்லி வையி. பாம்பும் நோகாம, பாம்படிச்ச கோலும் நோகாம முடிஞ்சுபோகும்.” நரம்பில்லாத நாக்கு, சொல்லுவதற்கு என்ன? அவள் மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் எட்டு என்று ஏற்றினாள். மாயக்கண்ணன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, “பொன்னழகு காப்பு அவுக்குற வரைக்கும் மேல ஏத்தாதீக மேஸ்திரி” என்று என் கண் முன்னால் சொன்னாள். அவரும் சரி என்றார். கம்ப்யூட்டரிலும் அவனைக் கீழே பலகை அடுக்குகிற வேலையில்தான் கட்டிப்போட்டாள்.

பங்குனிச் செவ்வாயில் காப்புக் கட்டிவிட்டு மறுநாள் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாகப் பொன்னழகு வந்தான். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு. எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் மாடியிலிருந்து பிரித்துப் போட்ட பலகைகளில் ஆணி பிடுங்கி, கட்டடத்தின் கிழக்குப் பக்கம் வரிசையாக அடுக்கினான்.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. பேப்பரில் இருந்தபடி இல்லாமல் இரண்டு பேரை இடம் மாற்றிப் போட்டதற்காக மேஸ்திரியைச் சத்தியமூர்த்தி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். “நீங்க உங்க இஷ்டத்துக்கு ஆளை மாத்தினா என் தேதி எல்லாம் மாறுது. பேப்பர்ல உள்ளபடி நடங்க.” மாயக்கண்ணன் அறுபது வயது மனுஷர். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டார்.

மார்ச் இருபத்தேழு, பெரிய வியாழன். மறுநாள் பெரிய வெள்ளி. பதின்மூன்று வருஷத்தில் ஞானபூரணி தவறாமல் லீவு எடுத்தது அந்த ஒரு நாள்தான். மற்றவர்களுக்குப் போட்ட மாதிரியே தன் பெயருக்கு நேரேயும் வியாழன் நாலு, வெள்ளி சைபர் என்று ஒழுங்காக ஏற்றியிருந்தாள். வெள்ளிக்கிழமைப் பட்டியலை எழுதி ஒட்டிவிட்டு, பாதம் கழுவுகிற பூசைக்குப் போக வேண்டும் என்று இரண்டு மணிக்குப் புறப்பட்டாள். “சனிக்கெழமை பாப்போம் அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு ஒரு தகவல் வந்தது. மூன்றாம் மாடித் தளம் அடுத்த புதன்கிழமை போடுவதாக இருந்தது. கலவை மெஷின்காரர் புதன்கிழமை மெஷின் கிடைக்காது, வருகிற சனிக்கிழமை வேண்டுமானால் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். சத்தியமூர்த்தி தளத்தைச் சனிக்கிழமைக்கு முன்னால் இழுத்தார். அப்படியென்றால் ஓரப் பலகை அடைக்கிற வேலை முழுவதும் வெள்ளிக்கிழமையே முடிய வேண்டும். கம்ப்யூட்டரைத் திரும்ப ஓடவிட்டார். கீழே கட்டிப்போட்டிருந்தவர்களை எல்லாம் அவிழ்த்து, எட்டு மணி நேரம் உள்ள சென்ட்ரிங் ஆட்கள் அத்தனை பேரையும் அது மூன்றாம் மாடியில் கொண்டுபோய்ப் போட்டது. இங்கிலீஷில் அச்சான தாளை என்னிடம் நீட்டினார். “அந்தம்மா போயிட்டாங்க. இதை நீங்க தமிழ்ல எழுதி, பழசைக் கிழிச்சிட்டு ஒட்டிடுங்க.”

எழுதினேன். பத்தொன்பது பெயர். பதினோராவது பெயர் பொன்னழகு, மூணாவது மாடி, கிழக்கு ஓரம். பேனா நின்றது. நிற்கவில்லை என்று எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் நின்றது. சத்தியமூர்த்தியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னால், எட்டு என்று போட்டது பொய் என்று தெரியும், ஞானபூரணிக்குத் திட்டு விழும், யோசனை சொன்னது யார் என்று கேள்வி வரும். எனக்கு ஐந்தே முக்காலுக்குக் கோட்டையூர் டவுன் பஸ். மேஸ்திரிக்குத்தான் தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். ஒட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குப் பொன்னழகு ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தான். சுத்தியல் வாங்கினான், மூன்று இஞ்சு ஆணி கேட்டான். மேலே போகிறவர்கள் கேட்கிற ஆணி அது. மஞ்சள் வேட்டியைப் பார்த்தேன், கயிற்றைப் பார்த்தேன், உதடு காய்ந்திருந்ததையும் பார்த்தேன். “என்ன பொன்னழகு, ஆத்தா மாடியேறி வரச் சொல்லிட்டாளா?” என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆணியை எண்ணிப் போட்டுக் கொடுத்தேன்.

பதினொன்றரை மணிக்கு விழுந்தான். தலை சுற்றியிருக்கும், சாரத்தில் கால் வைக்கிற இடம் தவறியிருக்கும் என்றார்கள். விழுந்தது கிழக்குப் பக்கத்தில், எட்டு நாளாக அவன் அடுக்கி வைத்த பலகைகளின் மேல். பலகை சரிகிற சத்தம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஜீப்பில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்பில் ஏற்றும்போது அவனுக்கு நினைவு இருந்தது. “காலு எங்க இருக்கு, காலு எங்க இருக்கு” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மூன்று மணிக்கு மாதா கோயிலுக்குப் போனேன். வாசல் வரைக்கும் கூட்டம். சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். திருநீறு பூசின நெற்றியோடு நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

“என்ன அண்ணே இங்குட்டு?”

“பொன்னழகு விழுந்துட்டாம்மா.”

“எங்கேருந்து?”

“மூணாவது மாடி.”

“அவரு கீழயில்ல இருக்கணும்?” என்றாள். “நான் கீழதான போட்டுட்டு வந்தேன்?”

“தேதிய மாத்திட்டாக. சாயங்காலம் புதுப் பேப்பர் ஒட்டுனோம்.”

“யாரு எழுதுனா?”

“நாந்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சிலுவையை முத்தி செய்யத் திரும்பிப் போகவும் இல்லை. காலில் செருப்புக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், அப்படியே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காப்புக் கயிற்றை வெட்டி எடுத்தபோது பொன்னுத்தாயி, அதுதான் பொன்னழகுவின் பெண்சாதி, அதைக் கையில் வாங்க மாட்டேன் என்று அலறினாளாம். ஞானபூரணிதான் வாங்கி வைத்திருந்தாள்.

பொன்னழகு பிழைத்தான். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இனி எழுந்து நடக்கமாட்டான் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். எங்கள் கொட்டகையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சத்தியமூர்த்தி கம்ப்யூட்டர் தாளைக் காட்டினார். ஆள் எட்டு மணி நேரமும் அவைலபிள் என்றுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது, விரதம் என்று தெரிந்திருந்தால் மேலே ஏற்றியிருக்கமாட்டோம் என்றார். உண்மைதான். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

ஞானபூரணி யாரும் கேட்காமலே நீள நோட்டை எடுத்துப் பொன்னழகுவின் பக்கத்தை விரித்து வைத்தாள்.

“இந்தக் கோடு என்னம்மா?”

“கீழ் வேலை மட்டும்னு அர்த்தம் சார்.”

“அப்ப விரதம்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியும்.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் எட்டுன்னு கொடுத்திருக்கீங்க.”

“குடுத்தேன் சார்.”

“அன்னைக்கு வாசல்ல ஒட்டின பட்டியல் யார் எழுதினது?”

நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை இல்லை. சத்தியமூர்த்தி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேப்பர் எழுதுறது என் வேலை சார்” என்றாள் ஞானபூரணி.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுதத் தகுதி இருக்கிறதா என்று முதலில் கேட்டது இதனால்தான்.

ஆள் விவரத்தைத் தெரிந்தே தவறாகக் கொடுத்தவர் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி நாள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, “நீ ஏம்மா என் பேரைச் சொல்லல?” என்று கேட்டேன்.

“என்னத்தைச் சொல்ல அண்ணே? நீங்க பாத்து எழுதுனீக. எட்டுப் போட்டது நாந்தான” என்றாள். பிறகு டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து பேப்பர் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டரில் பொன்னழகுவின் பெயருக்கு நேரே எட்டு அப்படியே இருந்தது. அவன் மதுரையில் படுத்துக்கிடக்க, இங்கே ஒவ்வொரு சாயங்காலமும் அவனுக்கு ஒரு மாடியும் ஒரு வேலையும் அச்சாகி வந்துகொண்டிருந்தது. நாலு நாள் அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன். ஐந்தாம் நாள் சத்தியமூர்த்தியிடம் சொன்னேன். அவர் வேலை முடிகிற தேதி வரைக்கும் சைபர் என்று போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டியலில் பதினோராவது இடத்துக்கு வெளியூர் ஆள் ஒருவர் வந்தார். விடுதி பன்னிரண்டு நாள் தாமதமாகத் திறந்தது. பிள்ளைகள் பெட்டியோடு வந்து வேறொரு கட்டடத்தில் தங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு நாளால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஞானபூரணிக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில், எந்த டீச்சருக்கு எந்த நேரம் எந்த வகுப்பு என்று அட்டவணை போட்டுக்கொடுங்கள் என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். “வந்தவுகளைக் குறிச்சுத் தாரேன் சிஸ்டர். வரப்போறவுகளை என்னால எழுத முடியாது” என்றாளாம். அவர் கோபித்துக்கொண்டும் அசையவில்லை. வருகைப் பதிவேடு மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறாள். முன்பெல்லாம் எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தால் பத்துப் பேரின் வீட்டுச் சமாசாரத்தையாவது விசாரித்துவிட்டுத்தான் உட்காருவாள். இப்போது யாரிடமும் எந்த ஊர் என்றுகூடக் கேட்பதில்லை. நாற்பது வயதுகூட முடியாத பெண், தலை பாதி நரைத்துவிட்டது. பெரிய வெள்ளிக்கும் கோயிலுக்குப் போவதில்லை என்று அவளுடைய அம்மா என்னிடம் சொல்லி அழுதார்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பொன்னழகுவைப் பார்க்கப் போவாள். இரண்டு வருஷமாக நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பெரியப்பாக்கள் நிறைய பேர் செத்துப்போனார்கள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேராக மாட்டிக்கொண்டேன். “வாங்க அண்ணே, கேட்டுக்கிட்டே இருக்காரு” என்றாள். மறுக்க வழியில்லாமல் ஏறினேன். அமராவதிபுதூரில் இறங்கி அரை மணி நேரம் நடந்தோம்.

கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்தபடி கிடந்தான். மேல் உடம்பு மட்டும் பழைய பொன்னழகு. போர்வைக்கு அடியில் கால்கள் குச்சியாக இருந்தன. “அப்பா, அத்தை வந்துருக்காக. கூட ஒரு தாத்தாவும் வந்துருக்காரு” என்று மஹாலட்சுமி கத்தினாள். ஆறு வயது, ஒரு நிமிஷம் வாய் ஓயவில்லை. பள்ளிக்கூடம், ஆட்டுக்குட்டி, அம்மா எடுத்த தீச்சட்டி என்று என்னிடம் எதையெதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நேர்த்தியைப் பொன்னுத்தாயி அடுத்த வருஷமே நிறைவேற்றிவிட்டாளாம்.

ஞானபூரணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்த பழத்தை உரித்தாள். உரிக்கும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. பொன்னழகு என் பக்கம் திரும்பினான்.

“வாரப்ப எல்லாம் இப்பிடித்தான் அழுகுறாக அண்ணே. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. அக்கா மேல என்ன தப்பு இருக்கு? எட்டுப் போடச் சொன்னது நானு.”

நான் தலையை ஆட்டினேன்.

“அன்னைக்குக் காலையில மேஸ்திரிகூடக் கேட்டாரு, ஏறுவியாடான்னு. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அப்பறம் வாசல்ல பாத்தேன், அக்கா பேப்பர்ல என் பேரு மேல இருந்துச்சு. அக்கா விசாரிக்காமப் போட மாட்டாக, ஏதோ யோசிச்சுத்தான் போட்டுருப்பாகன்னு நெனச்சு ஏறிட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். அவளுக்கு ஆறுதல் சொல்லுகிறோம் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. “வேற யாரு எழுதியிருந்தாலும் நான் ஏறியிருக்கவே மாட்டேன் அண்ணே.”

ஞானபூரணியின் கை பழத்தோடு அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினதுடா என்று சொல்ல இதைவிட ஒரு நேரம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. அவளும் அதற்குத்தான் என்னை அழைத்து வந்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து பொன்னுத்தாயி டீ கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.